பேர் வெட்டிய தூக்குவாளி

அந்த ஊரில் கண் ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் கண்ணைக் காலி செய்துகொண்டுதான் போக வேண்டும். வாடகை வீட்டைக் காலி செய்து சாவி கொடுப்பது மாதிரி. அதுவரை பார்த்ததையெல்லாம் வீட்டில் இறக்கி வைத்து, மூடி போட்டு, வெறும் கண்ணோடு போனால்தான் டாக்டர் கத்தியை எடுப்பார். ஒரு எலுமிச்சங்காயோ ஒரு ரயில்வே கேட்டோ உள்ளே தங்கிவிட்டால் கூட, கத்தி அதில் தட்டி வழுக்கிவிடும். அதனால் ஆஸ்பத்திரி வாசலிலேயே நர்ஸ் டார்ச் அடித்துப் பார்ப்பாள். "ஓரத்துல கொஞ்சம் கிடக்கு, போய் இறக்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

இறக்குவது பெரிய வித்தை இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பாத்திரத்தின் மேல் முகத்தைக் கவிழ்த்து, இமைக்காமல் இருந்தால் போதும். வடிகஞ்சிப் பதத்தில் இறங்கும். முதலில் பார்த்தது முதலில் வரும். பாத்திரம் எவர்சில்வராக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் வைத்தால் நிறம் வெளுக்கும், பித்தளையில் வைத்தால் களிம்பு ஏறும். ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு அதே வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணில் ஏற்றிக்கொள்ளலாம். கட்டுப் பிரிக்கும் நாளுக்குள் ஏற்றாதது கெட்டுவிடும். கெட்டால் அந்த வீட்டைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை.

கீழத்தெரு அல்போன்ஸ் வாத்தியார் வீட்டில் மூடி போட்ட ஒரு எவர்சில்வர் சம்படத்தைப் பரணிலேயே மறந்துவிட்டார்கள். அதில் இருந்தது மகளின் கல்யாணம். கட்டுப் பிரித்த மறுநாள் அந்தப் பெண் நாகர்கோவிலிலிருந்து ரெட்டைச் சடையும் பள்ளிக்கூடப் பையுமாக வந்து இறங்கினாள். வாத்தியார் அவளைக் கூட்டிப்போய் மறுபடியும் பத்தாம் வகுப்பில் சேர்த்தார். இந்தத் தடவை கணக்கில் நல்ல மார்க்.

ஆகையால் மாமியார் சண்முகக்கனிக்கு ஆபரேஷன் என்று முடிவானதும் மாரிச்செல்வி முதல் காரியமாகப் பரணில் ஏறிப் பாத்திரங்களை இறக்கினாள்.

சண்முகக்கனிக்கு இருந்தது ஒரே கண். இடது கண் சின்ன வயதிலேயே அம்மை போட்டுப் போய்விட்டது. வாழ்நாள் பூராவும் பார்த்ததெல்லாம் வலது கண் ஒன்றில்தான் கிடந்தது. அந்தக் கண்ணில்தான் இப்போது விழித்திரை, ஈரச் சுவரில் சுண்ணாம்பு உரிவது போல உரிந்துகொண்டு வந்தது. "தள்ளிப் போட்டா மொத்தமா விழுந்துரும்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மாரிச்செல்வி ஒவ்வொரு பாத்திரமாகத் திருப்பி, வெட்டியிருந்த பேரைப் படித்த பிறகே கழுவினாள். பாத்திரத்தில் யார் பேர் வெட்டியிருக்கிறதோ உள்ளே இருப்பது அவர்களுக்குச் சொந்தம். அது ஊரறிந்த சட்டம். தன் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்த பாத்திரங்களை அவள் தொடவே இல்லை. எல்லாவற்றிலும் மாரிச்செல்வி என்று வெட்டியிருந்தது. மாமியாரின் சின்ன வயசு நாளைக்குத் தன் பேருக்கு வந்துவிட்டால் அதை எங்கே கொண்டு வைப்பது?

அண்டாவில் சண்முகக்கனியின் பிறந்த வீடும் பனங்காடும் இறங்கின. குடத்தில் கடற்கரையும் இரண்டு திருவிழாவும். போணிச் சட்டியில் மகன் சிவபெருமாள் தவழ்ந்தது, நடந்தது, எடைமேடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. அவனுடைய கல்யாணமும் அதற்குள்ளேயே அடங்கியது. மாரிச்செல்வி எட்டிப் பார்த்து, தான் கட்டியிருந்த பட்டுச்சேலையின் கரை அப்போதே ஓரமாகப் பிரிந்திருந்ததைக் கவனித்தாள்.

வரிசைப்படி இறங்க வேண்டியதில் ஒன்றை மட்டும் சண்முகக்கனி தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். அவள் வீட்டுக்காரர் தவசிமுத்து. இறந்துபோனவர். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் வரைக்கும் அவரைக் கண்ணுக்குள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, அவுக மட்டுந்தான் பாக்கி."

"தெரியும். பாத்திரம் கொண்டா."

பாத்திரம் மிச்சம் இல்லை. பரணின் கோடியில் ஒரு தூக்குவாளி மட்டும் கிடந்தது. மாரிச்செல்வி தூசியைத் துடைத்துப் படித்தாள். த.தங்கபுஷ்பம்.

"அத்தை, இது பெரியம்மா பேரு போட்டது."

தங்கபுஷ்பம், தவசிமுத்துவின் அக்காள். எதிர்வீடு. தவசிமுத்து இறந்த அன்று தங்கபுஷ்பம் அந்த வாளியில்தான் சோறு கொடுத்துவிட்டாள். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று. அதன் பிறகு வாளி திரும்பிப் போகவில்லை. வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. சாவுக்கு வந்த வாளியில் எதைப் போட்டுக் கொடுப்பது என்று சண்முகக்கனிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மதினியும் அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை.

சண்முகக்கனி வாளியைத் தடவிப் பார்த்தாள். "வேற இல்லல்ல. மூடி வச்சிரு. பக்கத்து வீட்டுல சொல்லிட்டு அலையாத" என்றாள். பிறகு குனிந்தாள். தவசிமுத்து இறங்குவதற்கு நேரமானது. பெண் பார்க்க வந்தபோது காப்பித் தம்ளரைக் கீழே போட்டது முதல், பெஞ்சில் படுக்க வைத்திருந்தது வரை. அந்தக் கடைசி முகம், காய்ச்சின பாலில் ஆடை படிவது போல மேலே வந்து படிந்து நின்றது. மாரிச்செல்வி மூடியைப் போட்டு, ஈரத்துணி சுற்றி, அடுக்களை மேடையின் உட்புறத்தில் வைத்தாள்.

சண்முகக்கனி நிமிர்ந்து மருமகள் இருந்த பக்கம் பார்த்தாள். "யாரு, செல்வியா?" என்றாள். குரலை வைத்துத்தான் இனி ஆள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழி வைத்திருப்பதாகவும், அது விழித்திரையை முட்டுக்கொடுத்துப் பிடித்திருப்பதாகவும் டாக்டர் சொன்னார். குமிழி மேல்நோக்கியே போகும். அதனால் முகம் கீழே பார்த்தே இருக்க வேண்டும். தூங்கினாலும் குப்புற, உட்கார்ந்தாலும் நாடி நெஞ்சில் பட. இருமக் கூடாது, தும்மக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அழக் கூடாது. "ஒரு தடவை அண்ணாந்து பாத்தாங்கன்னாலும் நான் பொறுப்பில்ல" என்றார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு தூக்குவாளி வந்தது. இடியாப்பமும் சொதியும். ஆட்டோக்காரர் எட்வின் கொண்டுவந்தார்.

"யாரு குடுத்துவிட்டா அண்ணாச்சி?"

"எதிர்வீட்டம்மா. யாருன்னு சொல்லாதேன்னாவ. அதான் சொல்லல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாளியின் வயிற்றில் த.தங்கபுஷ்பம் என்று வெட்டியிருந்தது.

வீட்டில் கட்டிலைச் சுவரைவிட்டு இழுத்துப் போட்டார்கள். சண்முகக்கனி குப்புறப் படுத்து, முகத்தைக் கட்டில் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டாள். முகத்துக்கு நேர் கீழே முக்காலி. முக்காலி மேல் பாத்திரம். மூடியைத் திறந்து, கட்டின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கினால், உள்ளே இருப்பது இறங்கின வழியே நூல் பிடித்த மாதிரி ஏறும். அதிகம் ஏறிவிட்டால் வலி. அதனால் ஒரு நாள் பனங்காடு, ஒரு நாள் கிணறு என்று மாரிச்செல்வி நிதானமாக ஏற்றினாள். சொட்டு மருந்து தனி. தாளிதம் கிடையாது. வற்றல் மிளகாயை மூட்டை கட்டிப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் வைத்தாள்.

"மூச்சு முட்டுது செல்வி. கழுத்து விட்டுப் போவுது."

"இன்னுங் கொஞ்ச நாள்தான் அத்தை."

"நாள் முழுக்கத் தரையவே பாத்துட்டுக் கிடக்கேன். இந்தத் தரைய நீ சரியாத் தொடைக்கிறதில்லன்னு மட்டும் தெரியுது."

கட்டுப் போட்ட கண்ணோடு தரை எப்படித் தெரிந்தது என்று மாரிச்செல்வி கேட்கவில்லை. துடைத்தாள்.

தினமும் மருந்து விட்டு முடிந்ததும் சண்முகக்கனி ஒன்று மட்டும் கேட்பாள். "அவுகள எப்ப ஏத்துவ?"

"கடைசியா இறக்குனதுல்லா. கடைசியாத்தான் அத்தை."

"பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு."

மாரிச்செல்வி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இடியாப்பம் வந்த வாளியை அவள் கழுவி, வெறுமையாகக் கொடுக்கக் கூடாது என்று கொழுக்கட்டை செய்து நிரப்பி, மூடி, காய்ந்துவிடாமல் இருக்க ஈரத்துணி சுற்றி, அதே மேடையில் வைத்தாள். அந்த நேரத்தில் மாமியாருக்கு இருமல் வரும்போல இருந்தது. ஓடிப்போய் நெஞ்சைத் தடவிக் கொடுத்துக்கொண்டே, வாசலில் நின்ற எட்வினிடம், "மேடையில இருக்க தூக்குவாளிய எதிர்வீட்டுல குடுத்துருங்க அண்ணாச்சி" என்று குரல் கொடுத்தாள். அதோடு அந்தக் காரியம் அவள் தலையைவிட்டு இறங்கியது.

கட்டுப் பிரிக்க நாள் நெருங்கியபோது அண்டா காலி, குடம் காலி, போணிச் சட்டியும் காலி. மாரிச்செல்வி தூக்குவாளியை எடுத்து, துணியைப் பிரித்து, மூடியைத் திறந்தாள். உள்ளே கொழுக்கட்டை இருந்தது. பூசணம் பிடித்திருந்தது.

அவள் மூடியைத் திரும்பப் போட்டாள். இன்னொரு தடவை திறந்து பார்த்தாள். கொழுக்கட்டைதான்.

"என்னட்டி சத்தத்தையே காணோம்?" என்றது கட்டில்பக்கம்.

"மூடி இறுகிக் கிடக்கு அத்தை. நாளைக்குப் பாப்போம்."

அவள் வேறு எதையும் யோசிக்கும் முன்னால் சிவபெருமாள்தான் நினைவுக்கு வந்தான். கொஞ்ச நாளாகவே அவன் படுத்தால் கட்டில் கிறீச்சிடுவதில்லை. சட்டை தோளிலிருந்து நழுவியது. அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவன் தண்ணீர் குடித்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னான்: "இன்னைக்கு உப்பு லாரி எடை சரியா காட்டலன்னு மேடைல நானே ஏறி நின்னு பாத்தேன். ஒண்ணும் காட்டல."

"மிஷினு கெட்டுருக்கும்."

"எனக்கும் முன்னால ஒரு நாய் ஏறுச்சு. அதுக்குச் சரியாக் காட்டுச்சு."

அவனுடைய இடது காது, விளக்குக்கு எதிரே நிற்கும்போது இருந்தும் இல்லாமலும் இருந்தது. மாரிச்செல்விக்கு வாளியின் கணக்கு புரிந்துவிட்டது. மாமனார் கண்ணில் ஏறவில்லை என்றால் மாமனார் கிடையாது. மாமனார் கிடையாது என்றால் இவன் கிடையாது. இவன் இல்லை என்றால் அவள் இந்த அடுக்களையில் நின்று கொழுக்கட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கேயோ வேறு ஒரு வீட்டில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பாள். தாலிச்சரடைத் தொட்டுப் பார்த்தாள். நூல் ஈரமாக, இத்துப்போனது போல இருந்தது.

மறுநாள் காலையில் கொழுக்கட்டை வாளியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

தங்கபுஷ்பம் கதவைத் திறந்து வைத்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மற்ற தூக்குவாளி. மூடி தரையில் கிடந்தது. அவள் சாப்பிட்டுச் சில நாள் ஆகியிருக்கும்போல இருந்தது.

"பெரியம்மா, வாளி மாறிப் போச்சு. இதுதான் உங்களுக்குள்ளது."

தங்கபுஷ்பம் கையை நீட்டி அதையும் வாங்கி, பேரைப் பார்த்துவிட்டு, நாற்காலிக்கு அடியில் வைத்தாள். "இதுவும் என் பேருதான். அதுவும் என் பேருதான். அதுல என் தம்பி இருக்கான். இதுல என்னம்மா மாறிப்போச்சு?"

"அது அத்தையோட கண்ணுல உள்ளது."

"கண்ணுல இருந்தா அவளுக்கு. வாளில இருந்தா எனக்கு. சந்தேகம்னா ஸ்டேஷன்ல போய்க் கேளு."

மாரிச்செல்வி போகவில்லை. போனாலும் அவர்கள் அதைத்தான் சொல்வார்கள்.

"பாக்கப் பாக்கக் குறையும் பெரியம்மா."

"குறையட்டும். நான் நிரப்பிக்கிடுதேன்." தங்கபுஷ்பம் வாளியின் மேல் குனிந்தாள். அவள் கண்ணிலிருந்து நாலைந்து சொட்டு விழுந்தது. எட்டிப் பார்த்த மாரிச்செல்விக்கு, அரைஞாண் கயிறு மட்டும் கட்டின ஒரு பையன் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வேலியோரமாக ஓடுவது தெரிந்தது. பால்காரர் தண்ணீர் ஊற்றிய மாதிரி மட்டம் சரியாகிவிட்டது. ஆடை மட்டும் கலங்கவில்லை. மேலாக அசையாமல் கிடந்தது.

"அன்னைக்குக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா முகத்தப் பாத்திருப்பேன்" என்றாள் தங்கபுஷ்பம். "வெளியூர் போயிருந்தவ ஓடி வாறேன், பஸ்சு பாளையங்கோட்டை தாண்டிட்டுன்னு போன் போட்டுச் சொல்லியாச்சு. மழை வருதுன்னு எடுத்துட்டா. நான் வந்து இறங்குதேன், ஒரு தூத்தல் இல்ல. வெயிலு சுள்ளுன்னு அடிக்குது. முத்தத்தக் கழுவி விட்டுக்கிட்டு நிக்காவ. என் தம்பி படுத்திருந்த இடத்துல தண்ணி ஓடுது. அப்பவும் நான் வீட்டுக்குப் போய் அடுப்பப் பத்தவச்சு, இந்த வாளிலதான் சோறு குடுத்துவிட்டேன்."

"அவுகளுக்கு எடை இல்லாம போயிட்டு பெரியம்மா. காத்தடிச்சா பறந்துருவாகபோல இருக்கு."

"யாருக்கு? சிவனுக்கா?" தங்கபுஷ்பத்தின் முகம் முதல்தடவையாக வாளியைவிட்டு நகர்ந்தது. தம்பி மகன், அவளுக்கும் மருமகன் முறை. தரையில் கிடந்த மூடியை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"கனி வந்து கேக்கட்டும்."

"அவுக எந்திரிக்கக் கூடாது பெரியம்மா. நாளைக்குக் கட்டுப் பிரிக்கணும்."

"அது எனக்குத் தெரியாது. வந்து கேக்கட்டும்."

வீட்டுக்கு வந்து மாரிச்செல்வி கட்டிலுக்குக் கீழே, முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டாள். மாமியாரின் முகத்தைப் பார்த்துப் பேச வேறு வழி இல்லை.

"அத்தை, வாளிய மாத்திக் குடுத்துவிட்டுட்டேன்."

"எந்த வாளிய?"

"மாமா இருக்க வாளிய. எதிர்வீட்டுக்கு."

மேலே மூச்சு நின்று, திரும்ப வந்தது. மாரிச்செல்வி திட்டுக்காகக் காத்திருந்தாள்.

"மதினி மூடியத் தொறந்துட்டாகளா?"

"தொறந்துட்டாவ."

"மேல என்ன கிடந்துச்சு?"

"மாமாவோட கடைசி முகம்."

"அப்பப் பாத்துட்டாக" என்றாள் சண்முகக்கனி. தலைச்சுமையை யாரோ ஒரு கை கொடுத்து இறக்கி வைத்தது போல இருந்தது அந்தக் குரல். பிறகு, "கையப் புடி. நாடிய நெஞ்சோட சேத்துப் புடி. நான் நிமிந்தாலும் நீ விடாத" என்றாள்.

காற்று அடித்துக்கொண்டிருந்ததால் சிவபெருமாளைக் கட்டிலோடு வேட்டியால் கட்டி, வயிற்றின் மேல் ஆட்டுக்கல் குழவியையும் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். "சீக்கிரம் வாங்க, முதுகு அரிக்கி" என்றான் அவன்.

எதிர்வீடுதான். ஆனால் நாடி நெஞ்சில் பட, கண்ணில் கட்டோடு நடப்பவளுக்குத் தெரு ஆற்றைவிட அகலம். சண்முகக்கனி ஒவ்வொரு அடியையும் காலால் தடவி வைத்தாள். ஒரு பைக் ஆரன் அடித்துக்கொண்டு உரசிப் போனது. அவள் தலை வெடுக்கென்று மேலே வந்தது. மாரிச்செல்வி உச்சந்தலையில் கையை வைத்து அமுக்கினாள். இரண்டு பேரும் நடுத்தெருவில் அப்படியே நின்றார்கள். அப்போதுதான் எந்த வீட்டிலிருந்தோ மிளகாய் வறுக்கும் கமறல் வந்தது.

"யாரு வீட்டுல மிளகா வறுக்கியிய? சட்டிய இறக்குங்க!" என்று மாரிச்செல்வி தெருவே கேட்கக் கத்தினாள். அவள் அந்தத் தெருவுக்கு வாழ வந்த பிறகு அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல்.

சண்முகக்கனியின் நெஞ்சு ஏறியது. இருமல் தொண்டை வரை வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். உடம்பு பூராவும் குலுங்கியது, தலை மட்டும் அசையவில்லை. கமறல் காற்றோடு போன பிறகு மறுபடி காலைத் தடவினாள்.

அவள் தலை குனிந்தபடி வாசலேறி வருவதைத் தங்கபுஷ்பம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, திரும்ப உட்கார்ந்தாள்.

"வா கனி. தலைய நிமித்து."

"நிமிரக் கூடாதுன்னுருக்காரு மதினி, டாக்டரு."

"அப்ப எனக்காகக் குனியல."

"இல்ல. ஆனா குனிஞ்சுதான வந்துருக்கேன். கணக்குல எடுத்துக்கிடுங்க."

தங்கபுஷ்பத்தின் வாயோரம் லேசாக அசைந்தது. "மழையா கனி அன்னைக்கு?"

"இருட்டிக்கிட்டு வந்துச்சு மதினி. எல்லாரும் எடு எடுன்னாக. வேண்டாம், அக்கா வரட்டும்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். நான் அவுக முகத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

வாளிக்குள் தவசிமுத்து யாருக்கோ கேட்காத ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த முகத்த நீங்க வச்சுக்கிடுங்க" என்றாள் சண்முகக்கனி. "மிச்சத்தத் தாங்க, போதும்."

தங்கபுஷ்பம் ஒரு கரண்டி கொண்டுவந்தாள். பாலாடையை எடுக்கிற பதனத்தோடு ஓரமெல்லாம் நெகிழ்த்தி, கிழியாமல் அந்தக் கடைசி முகத்தை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தித் தன் கண்ணோடு ஒற்றிக்கொண்டாள். அது உள்ளே போய்விட்டது. பிறகு சண்முகக்கனியை நாற்காலியில் உட்கார வைத்து, வாளியை அவள் முகத்துக்குக் கீழே தானே பிடித்துக்கொண்டாள். கை வலித்தும் மாற்றவில்லை. தவசிமுத்து மூக்கொழுகும் பையனாகவும், காப்பித் தம்ளரைக் கீழே போட்டவராகவும், சைக்கிளில் உப்பு மூட்டை கட்டினவராகவும் நூல் பிடித்து ஏறினார். வாளி தூர் தெரிகிற வரை காத்திருந்து, மாரிச்செல்வி கட்டின் ஓரத்தை ஒட்டினாள்.

"வாளிய எடுத்துட்டுப் போய்க் கழுவிக் குடு" என்றாள் தங்கபுஷ்பம். குரல் மாறியிருந்தது.

அவர்கள் தெருவைத் தாண்டி வீட்டுக்குள் நுழையும்போது பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. முன்னால், உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "யம்மா, இந்தக் குழவிய எடுங்க, வயிறு நசுங்குது" என்றான் சிவபெருமாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்தார்கள். டாக்டர் எதிரே நின்று, "என்னம்மா தெரியுது?" என்று கேட்டார்.

"உங்க சட்டைல ரெண்டாவது பட்டன் இல்ல" என்றாள் சண்முகக்கனி. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, இனி நிமிரலாம் என்றார்.

திரும்பி வரும்போது எட்வினின் ஆட்டோ தெருவுக்குள் நுழைய முடியவில்லை. எதிர்வீட்டு வாசலில் பந்தல் போட்டு, நாற்காலி இறக்கியிருந்தார்கள். ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

"மதினி வீட்டுல என்ன கூட்டம்?"

"துக்கம் அத்தை."

"யாரு?"

"அவுக தம்பி."

சண்முகக்கனி உச்சுக்கொட்டினாள். "அடப்பாவமே. ஒத்தத் தம்பியில்லா" என்றாள்.

வீட்டில் தவசிமுத்துவின் போட்டோவில் மாலையைக் காணவில்லை. ஆணியும் தூசியும் அப்படியே இருந்தன. கடைசி முகம் இந்தக் கண்ணில் ஏறாததால் சாவு எதிர்வீட்டோடு நின்றுவிட்டது. சண்முகக்கனி கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்று, புதுக் கண்ணால் தன்னைப் பார்த்தாள். பிறகு குங்குமச் சிமிழ் எங்கே என்று கேட்டாள். மாரிச்செல்வி தன்னுடையதைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அங்க அடுப்பு எரிஞ்சிருக்காது. ஏதாவது பொங்கி வை செல்வி. மாமா வந்ததும் ரெண்டு பேருமா போயிட்டு வாறோம்."

மாரிச்செல்வி சோறு வடித்து, தாளிக்காமல் ஒரு குழம்பு வைத்தாள். கழுவிக் கவிழ்த்திருந்த தூக்குவாளியில் நிரப்பினாள். அதில் எதைப் போட்டுக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டி வரவில்லை.

வெயில் தாழ்ந்ததும் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. தவசிமுத்து உள்ளே வந்து, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே, "எதுத்தாப்புல என்ன, ஆளா நிக்காவ?" என்றார்.

"உங்க அக்கா வீட்டுலதான். தம்பி தவறிட்டாகளாம்."

"அப்படியா" என்றார். சட்டையை மாற்றி, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார். மாரிச்செல்வி நீட்டிய தூக்குவாளியை வாங்கி, பேரைப் படித்துவிட்டு நடந்தார். சண்முகக்கனி தலை நிமிர்ந்து அவர் பின்னால் போனாள். வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் மாரிச்செல்வி குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

பந்தலில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். தங்கபுஷ்பம் தம்பியின் தோளைக் கட்டிக்கொண்டு, தம்பி போய்விட்டான் என்று அழுதாள். அவர் வாளியைக் கீழே வைக்காமல், மற்றக் கையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"மழை வரும்போல இருக்கு. எடுத்துருவோமா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

தவசிமுத்து அண்ணாந்து மேகத்தைப் பார்த்தார். "கொஞ்சம் பொறுங்க" என்றார். "யாராவது பஸ்சுல வந்துக்கிட்டு இருப்பாக."